குழந்தை எழுத்தைப் பார்க்கிறதா, படத்தைப் பார்க்கிறதா?
வாசகர் கேள்வி – பதில்: எழுத்து விளையாட்டுகள்

மழலையர் எழுத்தை அடையாளம் காண உதவும் விளையாட்டுகள் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். ‘நன்றாக விளையாடுகிறது, ஆனால் எழுத்து மட்டும் மனத்தில் நிற்கவில்லை’ என்பதுதான் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் கவலை. மழலைக் கல்விப் பயிற்சியாளர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. ‘அ’ முதல் ‘ஃ’ வரை பாட்டாகவே பாடிவிடுவான். சுவரில் ஒட்டிய படத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டும் காட்டுவான். ஆனால் ‘ஏ’வை ஒரு தாளில் தனியாக எழுதிக் காட்டினால் விழிக்கிறான். தெரிந்த எழுத்து எப்படி மறந்துபோகும்?
– ஒரு தாய்

பதில்: மறக்கவில்லை அம்மா, அவனுக்கு அது இன்னும் தெரியவே இல்லை. பாட்டிலிருந்து அவன் கற்றுக்கொண்டது வரிசையை. சுவர்ப் படத்திலிருந்து கற்றுக்கொண்டது இடத்தையும் ஏணியின் படத்தையும். எழுத்தைப் பார்க்காமலேயே சரியான விடையைச் சொல்ல வழி இருந்தால் எந்தக் குழந்தையும் அந்த வழியில்தான் போகும். அவன் கெட்டிக்காரன் என்பதால்தான் அப்படிச் செய்கிறான். அதனால் எந்த விளையாட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுத்தைப் பார்க்காமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த ஆட்டத்தை மாற்ற வேண்டும்.

எது உண்மையில் தெரியும் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். 12 உயிரெழுத்துகளையும் ஒரே அளவுத் தாள்களில், ஒரே பேனாவால், படம் இல்லாமல் எழுதிக் கலையுங்கள். நான்கு நான்காகத் தரையில் பரப்பி, “ஏ எங்கே? உ எங்கே?” என்று கேளுங்கள். சரியாகக் காட்டியதைத் தனியே எடுத்து வையுங்கள். மறுநாளும் இப்படியே செய்யுங்கள். இரண்டு நாளும் சரியாகக் காட்டிய எழுத்து மட்டும்தான் தெரிந்த எழுத்து. அந்த அடுக்கு நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கலாம். அதற்காக மனம் தளர வேண்டாம்.

பிறகு அகரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு நான்கே எழுத்துகளில் தொடங்குங்கள். எங்கள் தேர்வு அ, க, ட, ல. நான்கும் உருவத்தில் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதில்லை, ஒலியிலும் தொலைவில் இருக்கின்றன. ‘ல’வின் தலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் கல், கடல், அகல் என்று மூன்று சொற்கள் உடனே கிடைத்துவிடும். தான் கற்ற எழுத்து ஒரு சொல்லாக மாறுவதைப் பார்க்கிற குழந்தைக்கு வேறு பரிசு தேவைப்படாது. ‘ட, ப, ம, ய’ என்று தொடங்கும் பழைய முறை எழுதிப் பழக ஏற்றது, ஏனென்றால் அவை எளிய கோடுகளால் ஆனவை. அடையாளம் காண்பதற்கு அதே காரணத்தால் அவை தொல்லை. ‘ட’வின் வலப்பக்கம் ஒரு கோட்டை ஏற்றினால் ‘ப’ ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டினால் குழந்தை குழம்பும்.

சொல்லித் தருவதை மூன்று படியாகச் செய்யுங்கள். பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகென் வகுத்து, மரியா மாண்டிசோரி பரவலாக்கிய முறை இது. முதல் படியில் அட்டையைக் காட்டி, “இது க” என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் படியில் இரண்டு மூன்று அட்டைகளை வைத்து, “க எங்கே? அதை என் கையில் கொடு. இப்போது தலையணைக்கு அடியில் ஒளித்து வை” என்று கேளுங்கள். கடைசிப் படிதான் “இது என்ன?” பெரும்பாலான வீடுகளில் முதல் படி முடிந்ததுமே மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறார்கள். பார்த்ததும் பொறுக்கி எடுப்பது சுலபம், நினைவிலிருந்து பெயரைச் சொல்வது கடினம். ஆகவே விளையாட்டின் முக்கால் பங்கு இரண்டாம் படியில்தான் நடக்க வேண்டும். மூன்றாம் படியில் தவறினால் “தப்பு” என்று சொல்லாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று. எழுத்தைச் சொல்லும்போது ‘ஆனா, கானா, இல்லன்னா’ என்று பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். அ–க–ல் என்று வேகமாகச் சொன்னால் ‘அகல்’ தானே வரும். ஆனா–கானா–இல்லன்னா என்று எத்தனை முறை சொன்னாலும் வராது.

கேள்வி: வீட்டிலேயே எழுத்து அட்டைகள் செய்ய ஆசை. என்ன அளவு, என்ன பொருள், எதில் கவனமாக இருக்க வேண்டும்? உப்புத்தாளில் எழுத்து வெட்டுவது எப்படி?
– இரு குழந்தைகளின் அப்பா

பதில்: சாதாரண அட்டைக்கு 9 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம் சிறு கைக்கு வசதி. எழுத்து 5 செ.மீ. உயரம் இருக்கட்டும். வெளிர் நிற அட்டையில் எல்லா எழுத்தையும் ஒரே கறுப்பு மார்க்கரால் எழுதுங்கள். அழகுக்காக அ சிவப்பு, க பச்சை என்று வண்ணம் தீட்டினால் குழந்தை வண்ணத்தை மனப்பாடம் செய்துவிடும். அட்டை தடிமனாக இல்லாவிட்டால் மை பின்பக்கம் தெரியும், அப்புறம் ஜோடி சேர்க்கும் ஆட்டம் கெட்டுப்போகும். பின்பக்கம் இன்னொரு தாளை ஒட்டிவிடுங்கள். மூலை மடிந்த அட்டை, கறை பட்ட அட்டை இரண்டையும் உடனே மாற்றுங்கள். ‘மடிந்தது க’ என்று நினைவில் வைத்துக்கொள்ளும் குழந்தைகள் நிறைய உண்டு.

எழுத்தின் அடியில் தடித்த கோடு ஒன்று போட்டு, வலது மேல் மூலையைச் சிறிது வெட்டிவிடுங்கள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் குழந்தைக்கே தெரிந்துவிடும். சிறு வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் விடுகிற வீடுகளில் தலைகீழ் எழுத்தையும் சேர்த்துப் பழகிவிடுகிறார்கள்.

ஓர் எழுத்துக்கு இரண்டு அட்டை வேண்டும். நான்கு எழுத்துக்கு எட்டு அட்டை. எட்டையும் கவிழ்த்து வைத்து ஜோடி கண்டுபிடிக்கும் ஆட்டத்துக்கு இது போதும். அட்டையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒலியைச் சொல்ல வேண்டும் என்பது விதி. பேசாமல் விளையாடினால் கண் மட்டும்தான் பழகும், எழுத்தும் ஒலியும் மனத்தில் சேராது. எழுத்து நன்றாகப் பிடிபட்ட பிறகு, ஜோடியில் ஓர் அட்டையைக் கையெழுத்திலும் மற்றதை அச்செழுத்திலும் வையுங்கள். அப்போதுதான் கடைப் பலகையில் இருக்கும் ‘க’வும் புத்தகத்தில் இருக்கும் ‘க’வும் ஒன்று என்று புரியும்.

உப்புத்தாள் எழுத்துக்கு 120 எண் தாள் வாங்குங்கள். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 60, 80 எண் தாள்கள் பிஞ்சு விரலை உரசிப் புண்ணாக்கும். எழுத்து 10 செ.மீ. உயரம், கோட்டின் அகலம் 1 செ.மீ. முதலில் மெல்லிய தாளில் எழுத்தை வரைந்து, அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, உப்புத்தாளின் பின்பக்கத்தில் படியெடுத்து வெட்டுங்கள். நேராகவே படியெடுத்து வெட்டினால், திருப்பி ஒட்டும்போது எழுத்து இடவலம் மாறி நிற்கும். முதல்முறை செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். வழவழப்பான அட்டையில் ஒட்டி, ஓரங்கள் எழும்பாமல் இருக்க ஒரு இரவு கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வட்டம் வரையுங்கள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே மெதுவாகத் தடவி, தடவும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிச் சொல்லும் ஆட்டம். இதில் படமும் இல்லை, நிறமும் இல்லை, வரிசையும் இல்லை. எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த விளையாட்டு இதுவே.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடும். பொத்தான், சிறு கூழாங்கல், விதை எதுவும் வேண்டாம். காந்தம் ஒட்டிய எழுத்துகளில் காந்தம் கழன்று வருகிறதா என்று வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றை ஒன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

கேள்வி: என் மகள் ஐந்து வயது. எ–ஏ, ஒ–ஓ இரண்டிலும் தினமும் தடுமாறுகிறாள். ண, ன, ந மூன்றையும் பார்த்தால் அழுகையே வருகிறது. எந்த விளையாட்டு உதவும்?
– ஒரு தாய்

பதில்: இரண்டும் இரண்டு விதமான சிக்கல், மருந்தும் வேறு வேறு.

எ–ஏ வேறுபாடு காதில் தெளிவாகக் கேட்கும், கண்ணுக்குத்தான் எளிதில் படாது. ‘எ’வின் அடியில் ஒரு சிறு சாய்கோடு சேர்ந்தால் ‘ஏ’, அவ்வளவுதான். குறில் நெடிலை எழுத்தில் இப்படித் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வழக்கத்தையே வீரமாமுனிவர் (1680–1747) செய்த சீர்திருத்தம் என்பார்கள். உங்கள் மகளின் கண் அந்தச் சிறு கோட்டைத் தவறவிடுவதில் வியப்பில்லை.

முதலில் காது. அட்டை எதுவும் இல்லாமல், எலி என்றால் ஒரு கைதட்டு, ஏணி என்றால் இரு கைகளையும் அகல விரிப்பது. எட்டு, ஏழு, எறும்பு, ஏரி, எருமை, ஏற்றம் என்று கலந்து சொல்லுங்கள். பத்துச் சொல்லில் ஒன்பது சரியாக வந்தால் கண்ணுக்குப் போகலாம். ‘எ’வை அட்டையில் எழுதுங்கள். அடிக்கோட்டை மட்டும் ஒரு தனி ஒளிபுகும் தாள் துண்டில் வரையுங்கள். நீங்கள் “ஏ” என்றால் அவள் அந்தத் துண்டை ‘எ’வின் மேல் வைக்க வேண்டும். “எ” என்றால் எடுத்துவிட வேண்டும். கோட்டைத் தன் கையால் வைத்து எடுத்த குழந்தை அதைப் பிறகு தவறவிடுவதில்லை. ஒ–ஓவுக்கும் இதே வழி. அங்கே சேர்வது கீழே சுழிந்து வரும் வால்.

ண–ன இரண்டும் ஒன்றாக வந்ததுதான் பிழை. ஒத்த உருவங்களில் ஒன்றை முதலில் நன்றாக ஊன்ற வேண்டும். ஐந்து நாள் தொடர்ந்து தவறில்லாமல் சொன்ன பிறகுதான் மற்றதை அறிமுகம் செய்யலாம். அறிமுகம் ஆனதும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வித்தியாசத்தைத் தேட வைக்க வேண்டும். சுழியை விரலால் எண்ணட்டும்: இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. பிறகு 16 கட்டம் போட்ட தாளில் ஆறு ‘ண’வும் பத்து ‘ன’வும் கலந்து எழுதிக் கொடுத்து, ‘ண’வை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். எத்தனை இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், ஆறு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவாள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை மாற்றுங்கள்.

‘ந’ வேறு கதை. பேச்சில் ‘ந’வும் ‘ன’வும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. காதால் பிரிக்க முடியாததைக் குழந்தையிடம் காதால் பிரிக்கச் சொல்வது நியாயமில்லை. இங்கே உதவுவது இடம். சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் ந: நகம், பந்து. ‘ற’வுக்கு முன் ன: கன்று. ‘ட’வுக்கு முன் ண: வண்டு. மூன்று பெட்டிகள் வைத்து, சொல் அட்டைகளை அந்தந்தப் பெட்டியில் போடும் ஆட்டம் நன்றாக இருக்கும். ஆனால் அது சொல்லாகப் படிக்கத் தெரிந்த பிறகு, ஆறு ஆறரை வயதில். இப்போதைக்கு ‘ந’வை மூட்டை கட்டி வையுங்கள். அழுகைக்கு அதுவே முதல் மருந்து.

ர–ற, ல–ள–ழ இவற்றுக்கும் இதே ஒழுங்குதான். ழகரத்தை நீங்கள் வீட்டில் ளகரமாகப் பேசினால் குழந்தையின் காதில் வேறுபாடு விழாது. விளையாடும் அந்தச் சில நிமிடமாவது நாக்கை மடித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மொத்தம் 247 எழுத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் அட்டை செய்ய வேண்டுமா? உயிர்மெய்யை விளையாட்டாகச் சொல்லித்தர முடியுமா?
– மழலையர் பள்ளி ஆசிரியை

பதில்: 247 அட்டை வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு உயிர்மெய்க் குறிகளும் தெரிந்தால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி தானே வந்துவிடும். தானே வராத சிலவற்றுக்குத்தான் தனி உழைப்பு தேவை.

முதலில் ‘கா’வில் வரும் காலில் (ா) தொடங்குங்கள். 15 செ.மீ.க்கு 10 செ.மீ. அட்டையில் நடுவே 4 செ.மீ. சதுர ஜன்னல் வெட்டி, ஜன்னலுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு கால் வரையுங்கள். ஜன்னலுக்கு இருபுறமும் பிளவு வைத்து, பின்னால் ஒரு நீளப் பட்டை ஓடட்டும். பட்டை 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். அதில் க, ட, ப, ம, ல, வ என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். பட்டையை இழுக்க இழுக்கக் கா, டா, பா, மா என்று வரும். எழுத்துகளை வரிசை மாற்றி எழுதிய இரண்டாவது பட்டை ஒன்றும் தயாராக இருக்கட்டும், இல்லாவிட்டால் நான்காம் நாள் ஜன்னலைப் பார்க்காமலேயே ஒப்பிப்பார்கள். காலையும் ‘ர’வையும் குழப்பும் குழந்தைக்கு, ‘ர’வின் அடியில் இருக்கும் சாய்ந்த வாலை விரல் வைத்துக் காட்டுங்கள்.

கொம்புதான் உண்மையான சிக்கல். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் படிக்கப் பழகும் குழந்தை கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிடும். அதற்கு ஒரு கை விளையாட்டு: கொம்பு அட்டையை வைக்கும்போது உதட்டில் விரல், மெய்யின் அட்டையை அதன் அருகே வைத்த பிறகுதான் விரலை எடுத்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘கொ’, ‘கோ’வில் எழுத்தின் இருபுறமும் அட்டை நிற்கும். இரண்டு குழந்தைகள் இரு பக்கமும் அட்டையைப் பிடித்து நிற்க, நடுவில் ஒரு குழந்தை ‘க’வைப் பிடித்து வந்து நுழைவது வகுப்பறையில் நன்றாக நடக்கும். ‘கௌ’வைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதன் இரண்டாம் பாதி ‘ள’ போலவே இருப்பதால் குழந்தை ‘கெள’ என்று படிக்கும், அது முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது.

இகர, ஈகார வரிசையில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் ஜன்னல் அட்டை சரிப்படாது. முழு எழுத்தாக எழுதி, ஒட்டிய பகுதியை மட்டும் வேறு நிறத்தில் காட்டுங்கள். ஒரு வாரத்தில் நிறத்தை எடுத்துவிட வேண்டும்.

உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலும் ‘து’வுக்கும் ‘கு’வுக்கும் தடுமாறுகிறார்கள். மூன்று குடும்பமாகப் பிரித்துவிடுங்கள். வளைந்து சுற்றுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. நேராகக் கீழே இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு. வாலை வளைத்து மேலே ஏற்றுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு. 6, 5, 7 சேர்ந்து 18. இந்தப் 18 அட்டைகளை மூன்று கூடைகளில் குடும்பம் குடும்பமாகப் போடும் ஆட்டத்தில் முதலில் ஒலியே கேட்காதீர்கள். வால் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்க்கட்டும். ஒலி இரண்டாம் சுற்றில்.

பழைய பாடநூல்களை வைத்து அட்டை எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் ‘லை’ துதிக்கை போல் வளைந்திருக்கும். தாத்தா எழுதிக் காட்டும் ‘லை’ வேறாக இருந்தால் அவரும் சரிதான், ஆனால் குழந்தைக்கு இப்போது ஒரு வடிவம் போதும்.

கேள்வி: கைப்பேசியில் எழுத்து விளையாட்டுச் செயலிகள் கொட்டிக்கிடக்கின்றன. எதை நம்பலாம்?
– ஒரு தந்தை

பதில்: குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே வேண்டுமென்று தவறாகத் தொட்டு விளையாடிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தட்டினாலும் நட்சத்திரம் கிடைக்கிறதா? அந்தச் செயலி வேண்டாம். தவறான விடைக்குக் கேலிச் சத்தமும் பெரிய பட்டாசும் வருகிறதா? அதுவும் வேண்டாம், ஏனென்றால் பட்டாசைப் பார்ப்பதற்காகவே தவறாகத் தொடுவார்கள். சரியான எழுத்து ஒவ்வொரு முறையும் ஒரே மூலையில் வந்தால் அதுவும் ஆகாது. ஒலியைக் கேளுங்கள்: ‘க’ என்று தெளிவாகச் சொல்கிறதா, ‘கானா’ என்கிறதா, ழகரம் ழகரமாக இருக்கிறதா? விரலால் எழுத்தின் மேல் வரையும் ஆட்டத்தில், தவறான இடத்திலிருந்து தொடங்கினால் ஏற்றுக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, 2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைய இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். கார்ட்டூனும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. செயலிக்குப் பத்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடி, அதுவே போதும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் 20 குழந்தைகள். எந்த ஆட்டம் ஆடினாலும் மூன்று பேர் மட்டும் பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.
– ஓர் ஆசிரியர்

பதில்: ‘யார் முதலில் சொல்வது’ என்ற ஆட்டங்களை நிறுத்திவிடுங்கள். தவறினால் வெளியேற வேண்டும் என்ற ஆட்டங்களையும்தான். அவற்றில் முதலில் வெளியே போகிறவர், அதிகமாகப் பழக வேண்டிய குழந்தை. அது சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இருபது பேருக்கும் கையில் வேலை கொடுப்பது பிங்கோ, அதாவது நீங்கள் சொல்லும் எழுத்தைத் தன் அட்டையில் தேடி மூடும் ஆட்டம். 12 எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் கொண்ட அட்டை ஆளுக்கு ஒன்று. ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு மூன்று எழுத்துகளை விட்டுவிடுங்கள், இருபதும் வேறு வேறாகிவிடும். இடத்தையும் மாற்றுங்கள். பக்கத்து அட்டையைப் பார்த்து வைத்தால் உதவாது என்று குழந்தைகளுக்கு இரண்டே நாளில் புரியும். மூட 4 செ.மீ. அட்டைத் துண்டுகள் போதும்.

முதல் வாரம் எழுத்து அட்டையைக் காட்டி ஒலியையும் சொல்லுங்கள். அப்போது உருவத்துக்கு உருவம் சேர்ப்பார்கள். இரண்டாம் வாரம் காட்டாமல் ஒலியை மட்டும் சொல்லி, ஐந்து எண்ணும் நேரம் பொறுத்து, அதன் பிறகு அட்டையைக் காட்டுங்கள். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள்தான் கற்றல் நடக்கிறது. அவசரப்பட்டு உடனே காட்டினால் எல்லோரும் அதற்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். ஒரு வரிசை முடித்தவர் எழுந்து நிற்பதோடு ஆட்டம் முடியக் கூடாது, எல்லா அட்டையும் நிறையும்வரை ஆடுங்கள். சுற்றி நடந்து, எந்த எழுத்தில் பலர் தயங்குகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைய ஆட்டத்துக்கான எழுத்து அதில் இருக்கும்.

இடம் இருந்தால் நான்கு நான்கு பேராக ஐந்து குழு: ஒன்று மணலில் எழுதட்டும், ஒன்று ஜோடி சேர்க்கட்டும், ஒன்று கண்ணைக் கட்டித் தடவட்டும், ஒன்று வட்டமிடட்டும், ஐந்தாவது குழு உங்களோடு. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறலாம்.

கேள்வி: நான்கு வயதுப் பேத்தி தோற்றால் அட்டையை வீசிவிடுகிறாள். எவ்வளவு நேரம் விளையாட வைக்கலாம்?
– ஒரு பாட்டி

பதில்: ஒரு வேளைக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. “இன்னும் ஒரு ஆட்டம் பாட்டி” என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், நாளை அவளே அட்டையை எடுத்து வருவாள். ஐந்து அட்டையில் நான்கு தெரிந்தது, ஒன்று புதியது என்று வையுங்கள். அட்டை பறந்தால் அநேகமாகப் புதியது அதிகமாகிவிட்டது என்று பொருள். போட்டியாக ஆடாமல், நீங்கள் இருவரும் ஒரு கட்சியாக ஆடலாம்: கடிகாரத்தில் மணல் இறங்குவதற்குள் நாம் எத்தனை ஜோடி சேர்க்கிறோம் பார்ப்போமா? சில நாள் அவளை டீச்சராக்கிவிட்டு நீங்கள் ‘க’வைப் பார்த்து ‘ட’ என்று சொல்லுங்கள். திருத்தும்போது அவள் முகத்தில் வரும் பெருமையைப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் சில எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுகிறான். கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: இந்த வயதில் இது இயல்பு, பயப்படாதீர்கள். கோப்பையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று குழந்தை இத்தனை ஆண்டு கற்றிருக்கிறது. திரும்பி நின்றால் வேறாகிவிடும் என்பது எழுத்துக்கு வந்த புது விதி. அது பழக ஆறு, ஏழு வயதுவரைகூட ஆகலாம். உப்புத்தாளில் தடவுவது, முழுக்கையை நீட்டிக் காற்றில் பெரிதாக எழுதுவது, தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துத் தருவது இவை மூன்றும் போதும். ஏழு வயது தாண்டியும் அடிக்கடி மாற்றி எழுதினால், அல்லது பழகிய எழுத்துகள் வாரக்கணக்கில் பயிற்சி தந்தும் நிற்காவிட்டால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். காதில் அடிக்கடி சீழ் வரும் குழந்தைக்கு ஒலி வேறுபாடு சரியாகக் கேட்காமல் இருக்கலாம். அதன் பிறகு கற்றல் நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்தையும் ஒரே நேரத்தில் விளையாட்டில் சேர்க்கலாமா?
– ஒரு தந்தை

பதில்: இரண்டையும் கற்கக் குழந்தையால் முடியும். ஒரே பெட்டியில் கலந்து போடாமல் இருந்தால் போதும். ‘ட’வைப் பார்த்தால் ஆங்கில ‘எல்’ போலவும் ‘ப’வைப் பார்த்தால் ‘யூ’ போலவும் இருப்பதால், ஒரே ஆட்டத்தில் வந்தால் எந்த ஒலியைச் சொல்வது என்று திகைக்கும். ஒரு மொழியில் எட்டுப் பத்து எழுத்து ஊன்றிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அட்டைப் பெட்டிகளும் தனித்தனி. முடிந்தால் தமிழ் ஆட்டத்தை அம்மாவும் ஆங்கில ஆட்டத்தை அப்பாவும் என்று ஆளையும் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்கும் ஆளைப் பார்த்ததுமே குழந்தைக்கு எந்த மொழியின் ஒலி வேண்டும் என்று தெரிந்துவிடும்.